படிப்பதற்குச் சந்தா, எழுதுவதற்குக் கட்டணம்

'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்தின் முதல் தவணை 2027 டிசம்பரோடு முடிகிறது. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் வழங்கிய இத்திட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பன்னாட்டுப் பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 மின்னாய்விதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள், 1.8 கோடி மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் என்பது அரசு தந்த கணக்கு. அடுத்த தவணைக்கான பேச்சுவார்த்தை எப்படியும் அதற்கு முன்பே தொடங்கியாக வேண்டும். அந்த மேசையில் நம் தரப்பு எதைக் கேட்கப்போகிறது என்பது குறித்துப் பொதுவெளியில் விவாதம் ஏதும் நடப்பதாகத் தெரியவில்லை. ஆறாயிரம் கோடி ரூபாய்க்குப் பாலம் கட்டினால் அதன் தூண்களைப் பற்றிக்கூடச் சட்டமன்றத்தில் கேள்வி எழும். ஆய்விதழ்களைப் பற்றிக் கேட்க ஆளில்லை.

திட்டத்தின் நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். முனைவர் பட்ட ஆய்வின்போது, ஒரே ஒரு கட்டுரையைப் பார்ப்பதற்காக இரவுப் பேருந்தேறிச் சென்னைக்கு வந்து, அடையாற்றில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவன நூலகத்தில் உட்கார்ந்து கையால் பிரதியெடுத்திருக்கிறேன். அங்கும் கிடைக்காவிட்டால், கட்டுரை ஆசிரியருக்கே அஞ்சலட்டை எழுதி ஒரு படி அனுப்பும்படி வேண்டிக்கொள்வது அக்கால வழக்கம். பாதிப் பேர் அனுப்புவார்கள். இன்று ஏதோ ஒரு மாவட்டத் தலைநகரின் அரசுக் கலைக் கல்லூரி மாணவி, ஐ.ஐ.டி. ஆய்வாளர் படிக்கும் அதே இதழைத் தன் கைப்பேசியில் திறக்க முடிகிறது. இது சிறிய மாற்றமன்று.

ஆனால், மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களும் மட்டுமே முதல் கட்டத்தில் இடம்பெற்றன. தமிழ்நாட்டின் கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியார் கல்லூரிகள். அவற்றில் படிக்கும் மாணவர்கள், தனியார் மருத்துவமனையின் மருத்துவர், பள்ளி ஆசிரியர், பத்திரிகையாளர், உழவர் அமைப்பின் ஊழியர் ஆகியோர் எல்லாம் 'ஒரே நாட்டுக்கு' வெளியே நிற்கிறார்கள். ஓய்வுபெற்றவர்களையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். பணி நிறைவு நாளன்று எனக்கு மாலை அணிவித்து வழியனுப்பினார்கள். அடுத்த மாதமே நூலகக் கடவுச்சொல் செயலிழந்துவிட்டது.

பயனாளிகளின் பட்டியலை நீட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நான் கருதவில்லை. நாம் வாங்குவது என்ன, யாரிடமிருந்து வாங்குகிறோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆய்விதழ்ச் சந்தையைப் போன்ற விசித்திரமான சந்தையைப் பொருளியல் பாடநூல்களில் காண்பது அரிது. ஆய்வுக்கு நிதி தருவது பெரும்பாலும் அரசு. ஆய்வாளருக்குச் சம்பளம் தருவதும் அரசு. அவர் எழுதிய கட்டுரையைப் பதிப்பகத்துக்கு இலவசமாக அளிப்பதோடு பதிப்புரிமையையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார். கட்டுரையின் தரத்தை மதிப்பிடும் சக ஆய்வாளர்களும் பெரும்பாலும் ஊதியம் இல்லாமலே அவ்வேலையைச் செய்கிறார்கள். இவ்வாறு உருவான பண்டத்தை அதே அரசு பல்கலைக்கழக நூலகத்துக்காகத் திரும்ப விலை கொடுத்து வாங்குகிறது. மின்வடிவில் ஒரு கூடுதல் வாசகருக்குக் கட்டுரையைத் தருவதற்கான இறுதிநிலைச் செலவு ஏறத்தாழச் சுழியம். ஆனாலும் விலை ஏறிக்கொண்டே போகிறது. காரணம், இங்கே பதிலிப் பண்டம் கிடையாது. அரிசி விலை ஏறினால் கோதுமைக்கு மாறலாம். ஒரு குறிப்பிட்ட புரதத்தைப் பற்றிய கட்டுரை தேவைப்படுபவர் மலிவாகக் கிடைக்கிறதென்று வேறொரு புரதத்தைப் பற்றிப் படித்துத் திருப்தி அடைய முடியாது. ஒவ்வோர் ஆய்விதழும் தன்னளவில் ஒரு சிறு முற்றுரிமை.

இதை முதலில் புரிந்துகொண்ட வணிகர்களில் ஒருவர் இராபர்ட் மேக்ஸ்வெல். 1951இல் அவர் கைக்கொண்ட பெர்கமன் பிரஸ், புதிய துறை ஒன்று தலையெடுக்கும்போதெல்லாம் அதற்கென்று ஓர் இதழைத் தொடங்கியது. 1991இல் அந்நிறுவனத்தை அவர் எல்செவியருக்கு விற்றபோது விலை 44 கோடி பவுண்டு. எல்செவியரின் தாய் நிறுவனமான ரெலெக்ஸ், தன் அறிவியல் பதிப்புப் பிரிவில் 38 சதவீதத்தை ஒட்டிய இலாப விகிதத்தை ஆண்டறிக்கையில் காட்டுகிறது. மூலப்பொருளையும் தர ஆய்வையும் இலவசமாகப் பெற்று, வாங்கியே தீர வேண்டிய வாடிக்கையாளரிடம் விற்கும் தொழிலில் இந்த விகிதம் வியப்புக்குரியதன்று.

நம் 6,000 கோடியை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம். ஆண்டுக்கு 2,000 கோடி. 13,000 இதழ்களுக்குப் பகிர்ந்தால், இதழ் ஒன்றுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 15 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். 1.8 கோடிப் பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு ஏறத்தாழ 1,100 ரூபாய். இரண்டாவது எண்ணைக் கேட்டால் மலிவாகத் தோன்றும்; அறிவிப்பின்போது பலரும் அதைத்தான் சொன்னார்கள். முதல் எண்ணை வைத்துக்கொண்டு, நம் நாட்டுக் கல்விக் கழகம் ஒன்று ஓர் ஆய்விதழை நடத்துவதற்கு ஆண்டுக்கு எவ்வளவு செலவிடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். சந்தா என்பது வாடகை என்பதையும் மறக்க வேண்டாம். புதுப்பிக்காத ஆண்டில் புதிய இதழ்களின் கதவு மூடிக்கொள்ளும். புதுப்பிப்பதற்கான விலையை வீட்டுக்காரர் சொல்வார்.

இந்தச் சுவரின் விலையைப் பணத்தால் மட்டும் அளந்துவிட முடியாது. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியது; பெருந்தொற்று அடங்குவதற்குள் மூன்று நாடுகளில் 11,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லைபீரியாவில் எபோலா இருந்ததாக யாருக்கும் முன்னறிவு இல்லை என்றே அப்போது எல்லோரும் சொன்னார்கள். 2015 ஏப்ரலில், லைபீரிய சுகாதாரத் துறையின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த பெர்னிஸ் டான் இருவரோடு சேர்ந்து நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். லைபீரியாவையும் எபோலா நிலவும் பகுதியில் சேர்க்க வேண்டும் என்று 1982லேயே ஐரோப்பிய ஆய்விதழ் ஒன்றில் எழுதப்பட்டிருந்ததை அவர்கள் கண்டெடுத்திருந்தார்கள். அத்தகைய கட்டுரை ஒன்றைத் தரவிறக்க 45 டாலர் ஆகும். அது லைபீரிய மருத்துவர் ஒருவரின் அரை வாரச் சம்பளம் என்று அவர்கள் குறிப்பிட்டார்கள். அக்கட்டுரை இலவசமாகக் கிடைத்திருந்தால் மட்டும் தொற்று நின்றிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். மருத்துவமனையும் கையுறையும் இல்லாத நாட்டில் கட்டுரையால் என்ன செய்ய முடியும்? டான் குழுவினர் சுட்டிய இன்னொரு செய்திதான் என்னை அதிகம் உறுத்தியது. லைபீரிய மக்களின் குருதி மாதிரிகளைக் கொண்டு எழுதப்பட்ட அந்தக் கட்டுரைகளில் லைபீரியர் ஒருவர்கூட இணையாசிரியராக இல்லை. மாதிரிகள் கப்பலேறின, முடிவுகள் திரும்பி வரவில்லை.

ஏழை நாடுகளுக்கு இலவசமாகவோ குறைந்த விலையிலோ இதழ்களைத் தரும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 2002இல் உலக சுகாதார நிறுவனம் 'ஹினாரி' என்ற பெயரில் தொடங்கிய முயற்சி, இன்று 'ரிசர்ச்ஃபார்லைஃப்' என்ற குடையின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சேவை செய்கிறது. நல்ல பணி. இந்தியா அதன் பட்டியலில் இல்லை. பதிப்பகங்களுக்கு இங்கே விற்பனைச் சந்தை இருக்கிறது. அதை இழக்க அவை விரும்பவில்லை. வாங்கச் சக்தியற்றவனுக்கு இலவசம், வாங்கக்கூடியவனுக்கு முழு விலை என்பது தொண்டாகத் தோன்றினாலும், பாடநூலில் அதற்கு 'விலைப் பாகுபாடு' என்று பெயர்.

சுவரை இடித்துவிட வேண்டும் என்ற குரல் 2002இல் புடாபெஸ்ட் பிரகடனமாக ஒலித்தது. பொதுப் பணத்தில் நடந்த ஆய்வு எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 2018இல் ஐரோப்பிய நிதி நல்கும் அமைப்புகள் 'பிளான் எஸ்' என்ற திட்டத்தை அறிவித்தன. 2021 நவம்பரில் யுனெஸ்கோவின் பொது மாநாடு திறந்தநிலை அறிவியல் குறித்த பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. அமெரிக்க வெள்ளை மாளிகை 2022 ஆகஸ்டில், அரசு நிதி பெற்ற ஆய்வுகள் வெளியான அன்றே பொதுமக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று அரசுத் துறைகளுக்கு வழிகாட்டியது. வாதத்தில் வென்றாகிவிட்டது என்றே தோன்றும்.

பதிப்பகங்கள் தோற்கவில்லை, வாசற்படியை இடம் மாற்றின. இதழ் வாசகருக்கு இலவசம். ஆனால், கட்டுரையை வெளியிட எழுதுபவர் 'பதிப்பிப்புக் கட்டணம்' செலுத்த வேண்டும். நேச்சர் இதழ் 2021 ஜனவரி முதல் தன் திறந்த அணுகல் வழிக்கு வைத்த கட்டணம் 9,500 யூரோ, அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். இந்தியாவில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அதாவது, ஒரு கட்டுரைக்கான கட்டணம் ஓர் ஆய்வு மாணவரின் ஏறத்தாழ இரண்டு ஆண்டு உதவித்தொகைக்குச் சமம். எல்லா இதழ்களும் இவ்வளவு கேட்பதில்லை. இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் என்பது பரவலாகக் காணப்படும் கட்டணம். அதுவும் நம் ஊர்ப் பல்கலைக்கழகத் துறை ஒன்றால் நினைத்துப் பார்க்க முடியாத தொகைதான்.

முன்பு ஏழை நாட்டு ஆய்வாளரால் படிக்க முடியவில்லை. இப்போது படிக்கலாம்; பேச முடியாது. இதில் பின்னதே பெரிய அநீதி என்பது என் எண்ணம். படிக்க முடியாதவர் அஞ்சலட்டை எழுதியாவது படித்துவிடுவார். எழுத முடியாதவரின் ஆய்வு உலகத்தின் கணக்கிலேயே வராது. நம் மண்ணின் உவர்ப்பு, நம் ஊர்ச் சிறுநீரக நோய், நம் முறைசாராத் தொழிலாளரின் கூலி ஆகியவற்றைப் பற்றி இங்கிருந்து எழுதப்படுபவை உள்ளூர் இதழ்களில் முடங்க, கட்டணம் கட்டக்கூடிய வெளிநாட்டு ஆய்வுக்குழுக்கள் எழுதுபவையே மேற்கோள் காட்டப்படும்.

கட்டணத் தள்ளுபடி உண்டே என்பார்கள். உண்டு, அதன் விதியைப் படித்துப் பாருங்கள். பெரிய பதிப்பகங்கள் சில உலக வங்கியின் வருமான வகைப்பாட்டை எடுத்துக்கொள்கின்றன. குறைந்த வருமான நாடுகளுக்கு முழு விலக்கு, கீழ் நடுத்தர வருமான நாடுகளுக்குப் பாதித் தள்ளுபடி. ஆனால், மொத்த உள்நாட்டு உற்பத்தி 20,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தால் அந்தப் பாதியும் கிடையாது. தலா வருமானத்தில் கீழ் நடுத்தர நிலையில் இருக்கும் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்றும் இதனால் வெளியேற்றப்படுகின்றன. மக்கள்தொகை அதிகமாக இருப்பதற்கு விதிக்கப்பட்ட அபராதம் இது. மாணவர் ஒருவர் தேர்வுத்தாளில் தலா வருமானத்தையும் மொத்த வருமானத்தையும் இப்படிக் குழப்பியிருந்தால் நான் மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன்.

நம் அரசு இந்தச் சிக்கலை அறியாமல் இல்லை. சந்தாத் திட்டத்தோடு, தேர்ந்தெடுத்த தரமான திறந்த அணுகல் இதழ்களில் வெளியிட உதவியாக ஆண்டுக்கு 150 கோடி ரூபாயும் ஒதுக்கப்பட்டது. ஒரு கட்டுரைக்கு மூவாயிரம் டாலர் என்று வைத்துக்கொண்டால், இத்தொகை ஆறாயிரம் கட்டுரைகளுக்குக்கூடப் போதாது. இந்திய ஆய்வாளர்கள் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அறிவியல், பொறியியல் கட்டுரைகளை வெளியிடுகிறார்கள். எண்ணிக்கையில் சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்த இடம். நூற்றில் மூவருக்குக் குடை பிடிக்கும் ஒதுக்கீட்டை நூறு பேருக்கும் நீட்டினால், சந்தாவின் இரண்டு மடங்குக்கு மேல் கட்டணத்துக்கே போய்விடும். படிப்பதற்கு ஒரு முறை, எழுதுவதற்கு ஒரு முறை என அதே பதிப்பகங்களுக்கு இரண்டு முறை பணம் கொடுப்போம்.

எழுதுபவர் பணம் கட்டும் முறைக்கு இன்னொரு பக்க விளைவும் உண்டு. கட்டுரையை ஏற்றால்தான் வருமானம் என்ற நிலையில், எதையும் ஏற்கும் கடைகள் முளைப்பது இயல்பு. ஐதராபாத்தைத் தளமாகக் கொண்ட ஒமிக்ஸ் குழுமத்தின் மீது அமெரிக்க வணிக ஆணையம் தொடர்ந்த வழக்கில், ஏமாற்று நடைமுறைகளுக்காக 2019இல் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கையைக் கேட்ட நம் கல்வி நிர்வாகம்தான் இத்தகைய கடைகளுக்கு வாடிக்கையாளர்களை அனுப்பி வைத்தது.

இரு பக்கமும் கட்டணமில்லாத வழி இல்லையா? இருக்கிறது, அதுவும் கனவாக அல்ல. இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் 1991இல் தொடங்கிய 'ஆர்க்கைவ்' களஞ்சியத்தில், இதழில் வருவதற்கு முன்பே கட்டுரைகளை வைத்துவிடுவது இயற்பியலாளர்களுக்கும் கணித அறிஞர்களுக்கும் பழகிப்போன வழக்கம். எங்கள் பொருளியலில் 1997 முதல் 'ரெபெக்' என்ற தன்னார்வ வலையமைப்பு அதே பணியைச் செய்கிறது. ஓய்வுக்குப் பிறகு நான் படிப்பவற்றில் பெரும்பகுதி அதன் வழியே வருவதுதான்.

இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இலத்தீன் அமெரிக்கா. பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநில ஆராய்ச்சி நிதி நிறுவனத்தின் ஆதரவில் 1997இல் முன்னோட்டமாகத் தொடங்கிய 'சைலோ', பல்கலைக்கழகங்களும் கல்விக் கழகங்களும் நடத்தும் இதழ்களுக்குப் பொதுவான மின்தளம் அமைத்துக் கொடுத்தது. சிலி, அர்ஜென்டினா, கொலம்பியா என்று பரவித் தென்னாப்பிரிக்கா வரை சென்றது. மெக்சிகோவின் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து 2003இல் 'ரெடலிக்' வந்தது. அங்கே பெரும்பாலான இதழ்களில் வாசகரும் பணம் கட்டுவதில்லை, எழுதுபவரும் பணம் கட்டுவதில்லை. செலவைப் பொது நிறுவனங்கள் ஏற்கின்றன. இசுபானிய, போர்த்துகீசிய மொழிகளில் ஆய்வெழுதும் மரபு அற்றுப்போகாமல் இருப்பதற்கும் இத்தளங்கள் ஒரு காரணம். 'வைர வழி' என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2021இல் ஐரோப்பிய நிதி அமைப்புகளுக்காக நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று, உலகில் இத்தகைய இதழ்கள் 17,000 முதல் 29,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது.

இந்தியாவுக்கும் இது புதிதன்று. சர் சி.வி. இராமன் 1934இல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் கழகத்தின் இதழ்களும், 1932 முதல் வெளிவரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழும் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. சென்னையிலிருந்து சுப்பையா அருணாசலம் போன்றோர் இந்தக் கோரிக்கையை நெடுங்காலம் விடாமல் எழுப்பி வந்தார்கள். மும்பையில் மருத்துவர் டி.கே. சாகு தொடங்கிய 'மெட்நோ' நிறுவனம், இந்திய மருத்துவச் சங்கங்களின் இதழ்களை இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்து, எழுதுபவரிடமும் கட்டணம் கேட்காமல், அச்சுப் பிரதி விற்பனையையும் விளம்பரத்தையும் கொண்டே நடத்திக் காட்டியது. உலகமே பாடம் கேட்ட முன்மாதிரி அது. 2011இல் நெதர்லாந்தின் வோல்டர்ஸ் குளுவர் அதை வாங்கிவிட்டது. அப்படி விற்பனைக்கு வந்தபோது, அதைப் பொதுச் சொத்தாகக் காக்க நம்மிடம் எந்த நிறுவன ஏற்பாடும் இருக்கவில்லை. இலத்தீன் அமெரிக்காவுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு திறமையில் இல்லை, உடைமையில் இருக்கிறது.

திறந்துவைத்தால் மட்டும் நீதி வந்துவிடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2007இல் இந்தோனேசியா தன் பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்துக்கு அனுப்ப மறுத்தது. தான் இலவசமாகப் பகிர்ந்த மாதிரியிலிருந்து வெளிநாட்டு நிறுவனம் தடுப்பூசி செய்வதும், அதை வாங்கத் தன்னிடம் பணம் இல்லாததும் அந்நாட்டுச் சுகாதார அமைச்சரின் கோபத்துக்குக் காரணம். அந்தச் சிக்கலைத் தீர்க்க ஓர் உடன்பாடு வருவதற்கு 2011 ஆயிற்று. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க, போட்சுவானா விஞ்ஞானிகள் ஒமைக்ரான் மரபணு வரிசையை உடனுக்குடன் உலகுக்கு அறிவித்தபோது, பதிலுக்குக் கிடைத்தவை விமானத் தடைகள். இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. டெய்லர் அண்டு பிரான்சிஸின் தாய் நிறுவனமான இன்ஃபார்மா, தன் கல்விசார் உள்ளடக்கத்தைப் பயன்படுத்தும் அனுமதியை மைக்ரோசாஃப்டுக்கு ஒரு கோடி டாலர் தொடக்கத் தொகைக்கு வழங்கியதாக 2024இல் செய்தி வந்தபோது, கட்டுரை எழுதியவர்கள் அதைச் செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

சட்டத்தின் பக்கமும் ஒரு சொல். கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பக்யான் 2011இல் தொடங்கிய 'சை-ஹப்' தளம் இலட்சக்கணக்கான கட்டுரைகளைப் பதிப்பகங்களின் அனுமதியின்றி வழங்கி வந்தது. எல்செவியர் உள்ளிட்ட மூன்று பதிப்பகங்கள் 2020இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க, 2025 ஆகஸ்டில் அத்தளத்தை இந்தியாவில் முடக்க நீதிமன்றம் ஆணையிட்டது. நீதிமன்றத்தின் வேலை சட்டத்தைப் பார்ப்பது. பொருளியல் படித்தவன் பார்ப்பது வேறு: கள்ளச்சந்தை தழைக்கிறதென்றால், நேர்ச்சந்தையின் விலையில் ஏதோ கோளாறு இருக்கிறது. அதே தில்லி உயர்நீதிமன்றம்தான் 2016இல், தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகலகம் ஒன்றின் மீது மூன்று பெரும் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், கற்பித்தலுக்காக நகலெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது என்று கூறியது. நம் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதை விரிக்கும் அரசியல் விருப்பம்தான் வேண்டும்.

எப்படி விரிப்பது என்பதற்கு முன்னுதாரணம் ஜெர்மனி. குறைந்தது பாதியளவேனும் பொது நிதியில் நடந்த ஆய்வின் கட்டுரையை, இதழில் வெளியாகி ஓராண்டு கழிந்ததும், ஏற்கப்பட்ட கைப்பிரதி வடிவில் எழுதியவரே இலவசமாக வெளியிடலாம் என்று 2014 முதல் அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. பதிப்பகத்தோடு எத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தாலும் அந்த உரிமை போகாது. நெதர்லாந்தும் பிரான்சும் இவ்வழியில் சென்றன. நம் நாட்டில் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014லேயே கைப்பிரதிகளைக் களஞ்சியத்தில் வைக்கும்படி கொள்கை வகுத்தன. கொள்கை இருந்தது, அதைக் காக்கும் சட்டப் பிரிவு இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரே ஒரு பிரிவைச் சேர்த்தால், ஒரு ரூபாய்ச் செலவின்றி நம் ஆய்வு அனைத்தும் ஓராண்டில் லைபீரிய மருத்துவருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவருக்கும் திறந்துவிடும். நம் சந்தாத் திட்டம் அவர்களுக்கு எதையும் தராது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அது நாம் உள்ளே நுழைவதற்கான சீட்டு மட்டுமே.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு தடை மிஞ்சுகிறது. வைர வழி இதழில் எழுதினால் பதவி உயர்வு வருமா என்று இளம் ஆசிரியர் கேட்பார்; நியாயமான கேள்வி. தேசியத் தரவரிசைப் பட்டியல் கல்லூரிகளின் வெளியீடுகளையும் மேற்கோள்களையும் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளங்களைக் கொண்டு எண்ணுகிறது. ஸ்கோபஸ் எல்செவியருடையது. கடைக்காரரின் தராசிலேயே நம் ஆசிரியர்களை எடைபோட்டு, அவரிடமே சரக்கும் வாங்குகிறோம். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த இதழ்ப் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டு, தரத்தை நிறுவனங்களே தீர்மானிக்கலாம் என்றது. அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தும் துணிவு எத்தனைத் துணைவேந்தர்களுக்கு இருக்கிறது என்பது தனிக் கதை.

சந்தாவை உடனே நிறுத்திவிடலாம் என்று நான் சொல்லவில்லை. நிறுத்தினால் முதலில் தவிப்பது அந்த அரசுக் கல்லூரி மாணவிதான். ஆனால், நாம் கையேந்தி நிற்கும் வாடிக்கையாளரும் அல்ல. 2019இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் எல்செவியருடனான பேச்சை முறித்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் சந்தா இன்றியே சமாளித்து, 2021இல் தன் ஆசிரியர்களின் கட்டுரைகள் திறந்த அணுகலில் வெளிவரும் ஒப்பந்தத்தோடு திரும்பியது. ஒரே ஒரு மாநிலத்தின் பல்கலைக்கழக அமைப்பால் அது முடிந்தது. ஆண்டுக்கு இரண்டு லட்சம் கட்டுரைகளை வழங்கும் நாடு, வாங்குபவர் என்ற முறையில் மட்டுமன்றி விளைவிப்பவர் என்ற முறையிலும் பேரம் பேசலாம். தள்ளுபடி விதியில் உள்ள அந்த 20,000 கோடி டாலர் வரம்பை நீக்கு என்று கேட்கலாம். அதனால் டாக்காவும் இலாகூரும் பயன்பெறும். அடுத்த தவணைத் தொகையில் பத்தில் ஒரு பங்கை, அதாவது ஆண்டுக்கு 200 கோடியை, நம் நாட்டு இதழ்களுக்கு ஒதுக்கினால், இதழுக்கு 20 லட்சம் வீதம் ஆயிரம் இதழ்களை இரு பக்கமும் கட்டணமின்றி நடத்தலாம். அவற்றில் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் வெளிவரும் சமூக அறிவியல் இதழ்களுக்கு இடம் இருக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆசை.

அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதற்குச் சட்டமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். திட்டத்தை ஒருங்கிணைக்கும் காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையத்தில் எந்த இதழ் எந்த மாநிலத்தில் எத்தனை முறை திறக்கப்பட்டது என்ற பதிவுகள் சேர்ந்துகொண்டிருக்கும். 30 பதிப்பகங்களில் யாருக்கு எவ்வளவு தொகை என்பதும் கோப்புகளில் இருக்கும். பிரிட்டனில் கணித அறிஞர் திமோதி கோவர்ஸ், 2014இல் தகவல் அறியும் சட்டத்தின் வழியே பல்கலைக்கழகங்கள் எல்செவியருக்குக் கொடுத்த தொகைகளைக் கேட்டு வாங்கி வெளியிட்டார். இங்கே யாரும் மனுப்போடும் வரை காத்திராமல், இரண்டு பட்டியலையும் இதழ்வாரியாக அரசே வெளியிடலாம். 2027 டிசம்பருக்கு முன்பு அவை கையில் இருந்தால், 13,000 இதழ்களில் நமக்கு உண்மையில் தேவைப்படுபவை எத்தனை என்பதை நூலகர்களே சொல்லிவிடுவார்கள்.